கயிறு பிடிக்கக் கிடைத்த பெர்மிட்

திருகோணமலைத் துறைமுகத்தில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு கதைக்குப் போனால் விட்டுப்போகும். மூதூர் லாஞ்சி வந்து அணைகிற இறங்குதுறையின் கடல்பக்கத் தூண்கள் இன்றைக்கும் அசையாமல் நிற்கின்றன அல்லவா, அவற்றின் அடியில் பாறை தட்டுப்படும்வரை சேறு அள்ளியது இந்தக் கை. படகுகளை இழுத்தேற்றிப் பழுதுபார்க்கிற சரிவுத்தளத்தில் தண்ணீருக்குள் கிடக்கிற பாதி என்னுடையது. வெளியே தெரிகிற பாதியை யாரும் கட்டலாம். உள்துறைமுகத்தில் கப்பல்களைப் பிணைத்து நிறுத்துகிற மிதவைகள் மூன்றுக்கு அடிக்கட்டை இறக்கினேன். இரண்டாம் உலக யுத்தத்தில் மூழ்கிக் கிடந்த இரும்புப் பார்ஜ் ஒன்றை, அதாவது சரக்கேற்றுகிற தட்டைக் கப்பலை, வெற்று எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டியே மேலே கொண்டுவந்தோம். இறங்குதுறை கட்ட இருந்த இடத்தில்தான் அது கிடந்தது. அந்தப் பார்ஜ் எழும்பாவிட்டால் இறங்குதுறையும் இல்லை, மூதூர் ஆட்கள் இன்னும் முழங்கால் தண்ணீரில் சாரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்கள். அதற்கு மேல் சொந்தமாக இரண்டு லாஞ்சி. மாமனார் தந்த வீட்டுக்குப் பின்னால் அதைவிடப் பெரிதாக இன்னொரு வீடு.

எல்லாம் எதை வைத்து? மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. காலில் கட்ட ஒரு கல், இடுப்பில் கட்ட ஒரு கயிறு, ஒரு மூச்சு. தலையில் போடுகிற பித்தளைத் தொப்பியும் காற்றுக் குழாயும் கடற்படைக்காரரிடம் இருந்தன. எங்களிடம் இல்லை. நாங்கள் வெறும் உடம்போடு இறங்கினோம்.

ஐந்து பாகம், அதாவது முப்பதடி, ஆழத்தில் நான் ஒருநாளும் பயந்ததில்லை. பயந்தது ஒரு கடதாசிக்கு. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். என் மகள் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தலாம், கதையைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நான் இராமநாதபுரத்துக் கரையில் பிறந்தவன். சங்கு குளிக்கிற முஸ்லிம் குடும்பம், தலைமுறையாகச் சுழியோடிகள். யுத்தத்துக்குப் பிறகு கடலுக்கடியில் இரும்பு கிடக்கிறது, எடுக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, தலைமன்னாருக்குக் கப்பலேறி ரயிலில் திருகோணமலைக்கு வந்தவன். வந்தபோது எந்தக் கடதாசியும் கேட்கவில்லை. டிக்கெட் இருந்தால் போதும், வரலாம், போகலாம். சுதந்திரம் கிடைத்துக் கொஞ்சக் காலத்தில் சட்டம் வந்தது. இந்த நாட்டுப் பிரசை அல்லாதவன் இங்கே இருந்து வேலை செய்வதானால் அனுமதி எடுக்க வேண்டும். தற்காலிக வதிவிட அனுமதி என்று கடதாசியில் பெயர். ஊரில் எல்லாரும் சொன்னது பெர்மிட்.

முதல் பெர்மிட் எடுக்க நான் பட்ட பாடு தனிப் புத்தகம். கொழும்புக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தேன். கடைத்தெரு ஸ்டூடியோவில் படம் பிடிக்கப் போனால், சுழியோடியின் கண் எப்போதும் உப்புத் தண்ணீரில் வெந்துபோய் இருக்கும், வெளிச்சத்தைக் கண்டதும் மூடிக்கொள்ளும். முதல் படத்திலும் கண் மூடியிருந்தது, இரண்டாவதிலும் கண் மூடியிருந்தது. மூன்றாவது தடவை ஸ்டூடியோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்: "தம்பி, செத்த மையித்துக்குப் படம் பிடிச்ச மாதிரி இருக்கு. ரெண்டு நாள் தண்ணியில இறங்காம வாரும்." இரண்டு நாள் கரையில் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டு நாள் கிடையாது. சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, துறைமுகத்தில் கொந்தராத்து வேலை எடுக்கிற என் முதலாளியிடம் கடிதம் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். இரண்டு வருடத்துக்குப் பெர்மிட் வந்தது. அதில் என் தொழில் என்ன என்று எழுதியிருந்த இடத்தை எல்லாருக்கும் காட்டினேன்: சுழியோடி.

அந்த இரண்டு வருடத்தில்தான் எனக்கு எல்லாமே கூடிவந்தது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. சுழியோடியின் கயிற்றை மேலே வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும், மனைவியின் கூடப்பிறந்தவன். அண்ணன் தம்பிகூட ஒரு கோபத்தில் கவனம் தப்பலாம். மச்சான் தப்ப மாட்டான், தப்பினால் விதவையாவது அவனுடைய தங்கச்சி. நான் கலியாணம் முடிக்காதவன், மச்சானுக்கு எங்கே போவது? முதலாளி மூதூரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து வள்ளத்தில் விட்டார். கருங்காலிக் கட்டை போல உடம்பு, வாய் நிறையப் பகிடியும் கேலியும். நான் முதல் நாளே வழக்கத்தைச் சொன்னேன். அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"அப்ப கயிறு பிடிக்கிறதுக்கு நான் ஒரு தங்கச்சியும் கொண்டுவரணுமா?"

"இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கிறா. ஆனா முதல்ல நீங்க உயிரோட மேல வாங்க, பாப்பம்."

ஒரு வருடம் அவர் என் கயிற்றைப் பிடித்தார். ஒரு தடவைகூடப் பிந்தவில்லை. வருடம் முடிகிறபோது அவரே வீட்டில் பேச்செடுத்தார். உலகத்தில் மற்றவர்களுக்குக் கலியாணம் முடிந்த பிறகுதான் மச்சான் வருவான், எனக்கு மச்சான் முதலில் வந்தார்!

அவருடைய வாப்பா, என் மாமனாராக வரவேண்டியவர், வெற்றிலையைக் குதப்பியபடி என்னைப் பார்த்தார். மூதூர்ப் பகுதியில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து இருப்பான். அவர் சொன்னது நியாயம்தான், இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

"மகன், உங்கட தொழிலும் குணமும் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா வீட்டையும் கட்டி, பிள்ளையையும் குடுத்து, நாளைக்கு அரசாங்கம் உங்களத் தலைமன்னாருக்கு அனுப்பினா என்ட பிள்ள கடலப் பாத்துக்கொண்டு இருக்கிறதா? பெர்மிட் முடியப்போகுதெண்டு கேள்வி. அது புதுப்பிச்சு வரட்டும். கடதாசி வந்த கிழமையே காவின் எழுதி நிக்காவ முடிப்பம்."

அப்படித்தான் என் கலியாணம் ஒரு பெர்மிட்டில் தொங்கியது. பெண்ணை நான் ஒரே ஒரு தடவை, வேலிக்கு அப்பால், முக்காடோடு கண்டிருந்தேன். அது போதும். அவளுக்காகப் பெர்மிட் கொடுக்கிற கொழும்புக் கந்தோரின் படிக்கட்டைத் தலையால் நடந்து ஏறச் சொன்னாலும் ஏறியிருப்பேன்.

ஆனால் இரண்டாம் தடவை சட்டம் இறுகிவிட்டது. வெளிநாட்டுக்காரன் செய்கிற வேலையைச் செய்ய இலங்கையர் ஒருவரும் இல்லை என்று காட்டினால்தான் பெர்மிட் நீளும். முதலாளி அப்போதுதான் அந்தப் பார்ஜைத் தூக்குகிற கொந்தராத்து எடுத்திருந்தார். அவர் கடிதம் எழுதினார்: இந்த வேலைக்கு இவரைத் தவிரத் திருகோணமலையில் வேறு ஆள் கிடையாது. விசாரணைக்கு ஓர் அதிகாரி கொழும்பிலிருந்து வந்து கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், ஓர் அறையில் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மூக்குக் கண்ணாடி, வெள்ளைக் காற்சட்டை, கோப்புகளை விரலால் தொடாமல் பென்சிலால் புரட்டுவார்.

போகிற வழியில் மச்சான் எனக்குப் பாடம் நடத்தினார். "ஆமா எண்டு சொல்லாதீங்க, அது இந்தியாப் பேச்சு. ஓம் எண்டு சொல்லுங்க. கேட்டதுக்கு மட்டும் ஓம். உங்கட வீரக் கதை ஒண்டும் வேணாம்."

"எனக்கு வாய் அடக்கத் தெரியும்" என்றேன்.

"தண்ணிக்குக் கீழ தெரியும். மேல வந்தா ஏலாது."

அறைக்குள் போனேன். அதிகாரி உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். பெயர், ஊர், வந்த வருடம் எல்லாம் கேட்டார். ஓம், ஓம் என்று அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முதலாளியும் கதவோரம் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கேள்வியாகக்கூட அல்ல, சும்மா சொன்னார்:

"இவ்வளவு பெரிய துறைமுகத்தில இந்த வேலை தெரிஞ்சது நீர் ஒராள்தானோ? இத்தனை வருசத்தில ஒருத்தருக்கும் பழக்கிக் குடுக்கத் தெரியேல்லயோ உமக்கு?"

எனக்கு அது சுருக்கென்றது. பழக்கிக் கொடுக்கத் தெரியாதவனா நான்? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்ன ஐயா அப்படிச் சொல்லிட்டீங்க! அஞ்சு பேரப் பழக்கியிருக்கேன். கட்டைபறிச்சானில ஒருத்தர், இலங்கைத்துறையில ரெண்டு பேர், வெருகல்ல ஒருத்தர், மூதூர்ல என் கயிறு பிடிக்கிறவர். அஞ்சு பேரும் அஞ்சு பாகம் இறங்குவாங்க. என் கை பட்டா கல்லும் நீந்தும் ஐயா!"

அதிகாரி பென்சிலை மேசையில் வைத்தார். கதவோரம் முதலாளியின் தலையாட்டம் நின்றுவிட்டது.

"ஐஞ்சு பேரும் இலங்கையர்தானே?"

"ஓம் ஐயா!" என்றேன், அவ்வளவு பெருமையாக.

"அப்ப முதலாளியின்ர கடிதம் ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுது. நீர் ஐஞ்சு பேர் எண்டு சொல்லுறீர். ரெண்டில ஒண்டு பொய், என்ன காணும்?" அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வியாழக்கிழமை நான் கடற்கரைக்கு வாறன். உம்மட ஐஞ்சு பேரில ஒராள் இறங்கி அந்த வேலையைச் செய்யட்டும். செய்தால் உமக்கு இங்க வேலை இல்லை. ஒருத்தரும் இறங்காட்டில் நீர் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறீர், அதுக்கும் பெர்மிட் இல்லை. விளங்கிச்சுதோ?"

விளங்கியது. எந்தப் பக்கம் போனாலும் தலைமன்னார். அதுவும் நானே என் வாயால் தோண்டிய குழி.

வெளியே வந்ததும் முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு அரசமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் கேட்டார்: "என்ன நடந்தது?" சொன்னேன். "கல்லும் நீந்துமெண்டு சொன்னீங்களா? அதையுமா சொன்னீங்க?" என்று கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. முதலாளிக்கு வரவில்லை.

வியாழக்கிழமை காலை கடற்கரையில் பெருநாள் கூட்டம். லாஞ்சிக்குக் காத்திருந்தவர்கள் லாஞ்சியை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க வந்தார்கள். மூதூரிலிருந்து மாமனாரும் வந்து, வெற்றிலைப் பையோடு ஓர் ஓரமாக நின்றார். பார்ஜ் கரையிலிருந்து நூறு முழத் தூரத்தில், சேற்றில் புதைந்து, முன்பக்கம் மட்டும் ஒரு பாறையில் ஏறிக் கிடந்தது. பாறைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சந்து, ஆளின் கை தோள்வரை போகும். அந்தச் சந்துக்குள் ஓர் இரும்புக் கம்பியில் மெல்லிய கயிற்றைக் கட்டித் தள்ளி, மேலே வந்து மூச்செடுத்து, மறுபக்கம் இறங்கிக் கம்பியைத் தடவிப் பிடித்து இழுக்க வேண்டும். அந்த மெல்லிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு வடம் போகும், வடத்தில்தான் பீப்பாய்கள் கட்டுவது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் விரலால்தான்.

அதிகாரி வள்ளத்தில் குடை பிடித்து உட்கார்ந்தார். ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். இலங்கைத்துறை இரண்டு பேரும் வரவேயில்லை, மீன்பாடு நல்லாயிருக்கிறதாம். கட்டைபறிச்சான் ஆள் வந்து காதைப் பொத்திக்கொண்டு நின்றார்: "காது குத்துது ஐயா, காலமையில இருந்து." வெருகல்காரர் முருகனுக்கு நேர்த்தி வைத்து விரதமாம், கடலில் இறங்கக் கூடாதாம். மீன் பிடிக்க மட்டும் இறங்கலாமா என்று அதிகாரி கேட்டதற்கு, "அது வேற கடல் ஐயா" என்றார். கரையில் சிரிப்பு. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர்கள் என்னைப் பொய்க்காரனாக்கிக்கொண்டிருந்தார்கள். பாவம், நல்ல மனிதர்கள். அவர்களுக்கு இந்த இரண்டாவது பொறி தெரியாது.

அதிகாரி எழுதத் தொடங்கினார். அப்போது மச்சான் சட்டையைக் கழற்றினார்.

நான் கையைப் பிடித்தேன். "நீங்க இறங்கினா எல்லாம் முடிஞ்சிரும் மச்சான்."

"இறங்காட்டியும் முடிஞ்சிரும். நீங்க அஞ்சு பேரப் பழக்கினது பொய்யா?"

"இல்ல."

"பின்ன? பெர்மிட் இல்லாதவருக்கு ஒருவேளை குடுக்கலாம். பொய்க்காரனுக்கு என்ட தங்கச்சியக் குடுக்க ஏலாது." காலில் கல்லைக் கட்டினார். பிறகு கயிற்றின் மறு நுனியை எடுத்து என் கையில் வைத்தார்.

அதிகாரி தடுத்தார். "இது சரிவராது. நீர் இறங்கியும் வேலை முடியாட்டில்தான் இந்த மனுசனுக்கு லாபம். கயித்தை வேற ஆளிட்டக் குடும்."

"இவர்ட கையில இல்லாட்டி நான் இறங்க மாட்டன் ஐயா."

"ஏன் காணும்?"

"கயிறு மச்சான்ட கையிலதான் இருக்கணும். இன்னும் காவின் எழுதல்ல, அதுக்கு நாங்க என்ன செய்யிற, உங்கட கடதாசிதான் பிந்துது." கரை முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் கண்ணாடிக்குள்ளே சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். சரி என்று கையைக் காட்டினார்.

கரையிலிருந்து ஒரு குரல் கத்தியது: "இந்தியாக்காரன், கயித்த விட்டீங்களெண்டா பொண்ணும் இல்ல, ஊரும் இல்ல!"

மச்சான் முதல் தடவை இறங்கினார். கயிறு பிடிப்பவனும் சேர்ந்து மூச்சடக்க வேண்டும், அது எங்கள் கரையின் முறை. தன் நெஞ்சு எப்போது வெடிக்கப் பார்க்கிறதோ அப்போது கீழே இருப்பவனின் கணக்கும் தெரியும். நானும் மூச்சை அடக்கினேன். கயிறு நேராக, அமைதியாக இருந்தது. இரண்டு இழுப்பு வந்தது, தூக்கு என்று அர்த்தம். தூக்கினேன். வந்து, மூக்கைச் சிந்தி, "கம்பி போயிட்டு" என்றார். பாதி வேலை முடிந்தது. எனக்கு நெஞ்சில் ஒரு பாதி பெருமை, மறுபாதி தலைமன்னார். உண்மையை எழுதுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை: மறுபக்கம் அவருக்குக் கம்பி அகப்படாமல் போகட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதைத் துப்பிவிட்டேன்.

இரண்டாம் தடவை இறங்கினார். நானும் மூச்சடக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கயிற்றில் ஒரு நடுக்கம். இழுப்பு அல்ல. மீன் தூண்டிலைத் தின்னாமல் உரசினால் வரும் நடுக்கம் மாதிரி. அவருடைய கை சந்துக்குள் மாட்டிக்கொண்டது!

வள்ளத்தில் இருந்தவர்களுக்கும் நேரம் போவது தெரிந்தது. "இழு! இழு!" என்று முதலாளி கத்தினார். அதிகாரி குடையைப் போட்டுவிட்டு எழும்பினார். "இழும் காணும்! ஆளைக் கொல்லப்போறீரோ?" கரையில் மாமனார் தண்ணீருக்குள் இறங்கி நடக்கத் தொடங்கினார், வெற்றிலைப் பை மிதந்து போனது. முதலாளி என் கையிலிருந்து கயிற்றைப் பறிக்கப் பாய்ந்தார். நான் அவரைக் காலால் தள்ளினேன். என் முதலாளியை! காலால்!

நான் இழுக்கவில்லை. கயிற்றை விட்டேன். ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம் தளர்த்திக் கீழே விட்டேன். மாட்டிய கையை மேலே இருந்து இழுத்தால் தோள் பிடுங்கும், கை இன்னும் இறுகும். கயிறு தளர்ந்தால் அவர் உடம்பைத் தாழ்த்திக் கீழே பணியலாம், பணிந்தால் கை வந்த வழியே திரும்பும். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கே ஒரு தடவை நடந்தது. அவருக்கும் இது தெரியும், நான் பழக்கியிருந்தேன். ஆனால் நான் தளர்த்துவேன் என்று அவர் நம்ப வேண்டும், அவர் பணிவார் என்று நான் நம்ப வேண்டும். அவ்வளவு சத்தத்துக்கு நடுவே எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த பேச்சு அந்தத் தளர்ந்த மூன்று முழக் கயிறுதான். என் கண்ணில் கறுப்புப் பூச்சி பறந்தது. மூச்சை விடவில்லை.

இரண்டு இழுப்பு.

நான் தூக்கிய தூக்கில் அவர் மீன் போலத் தண்ணீருக்கு மேலே துள்ளினார். மூக்கில் இரத்தம், முழங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. ஆனால் கையில் கம்பி! கம்பியில் கயிறு! வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினார், இருமி முடித்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "முதலாளி ஏன் விழுந்து கிடக்கிறார்?"

அதிகாரிக்கு முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துக் கத்தினார்: "நீர் ஏன் இழுக்கேல்லை? எல்லாரும் கத்தினமே!"

நான் வாயைத் திறக்குமுன் மச்சான் பதில் சொன்னார். "இழுத்திருந்தா என்ட கை கீழ கிடந்திருக்கும் ஐயா. கை மட்டுமில்ல." அவர் காயம்பட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "கீழ போறதுக்கு ஆள் இருக்கு. நான் இருக்கிறன், காது குத்தாட்டி அவர் இருக்கிறார், விரதம் முடிஞ்சா அவரும் இருக்கிறார். எழுதுங்க. ஆனா இப்ப இந்த வள்ளத்தில இருந்த எல்லாரும் இழுக்கச் சொன்னீங்க. ஒராள்தான் விட்டார். அந்த மாதிரிக் கயிறு பிடிக்கிறதுக்கு இலங்கையில ஆள் இருந்தா கூட்டிவாங்க, நான் இறங்குறன். இல்லாட்டி ஒருத்தரும் இறங்க மாட்டம். பார்ஜ் அங்கயே கிடக்கட்டும்."

கட்டைபறிச்சான்காரர் கரையிலிருந்து "ஓம், ஒருத்தரும் இறங்க மாட்டம்!" என்றார், காதைப் பொத்த மறந்துவிட்டு.

அதிகாரி உட்கார்ந்தார். பிறகு முதலாளியின் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. போகும்போது மட்டும் என்னிடம், "உம்மட வாய் உம்மைத் தாட்டுப்போட்டுது. உம்மட கை தூக்கிப்போட்டுது" என்றார்.

இருபத்தொரு நாள், மூன்று கிழமை, கழித்துத் தபால் வந்தது. பழுப்பு உறை, மேலே அரசாங்க முத்திரை. நான் உறையைக் கிழிக்கப் பயந்து மச்சானிடம் கொடுத்தேன். அவர் கிழித்தார், பார்த்தார், கத்தினார். இரண்டு வருடம்! முழுசாக இரண்டு வருடம்! நான் கடற்கரை மணலில் குட்டிக்கரணம் போட்டேன். முதலாளி பழைய உதையை மன்னித்துப் பால் விடாத பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார். பிறகுதான் மச்சானிடம் தொழில் என்ற இடத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன்.

கயிறு பிடிப்பவர்.

சுழியோடி இல்லை! ஐந்து பேரைப் பழக்கியவன், கடலுக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தவன், அரசாங்கத்தின் கணக்கில் கயிறு பிடிப்பவன்! திருப்பி அனுப்பப் போகிறேன் என்று குதித்தேன். மாமனார் ஒரே வார்த்தையில் முடித்தார்: "மகன், கயிறு பிடிக்கிறவருக்குத்தான் நான் பிள்ள குடுக்கிறன். சுழியோடி ஆரும் பொண்ணு கேட்டு வந்தா வேற வீட்டுக்குப் போகச் சொல்லுங்க." அந்தக் கிழமையே காவின் எழுதினோம். பெர்மிட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மாப்பிள்ளையாகப் போனேன்.

பெர்மிட்டில் எழுதிய வேலையைத்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதனால் பகலில், ஆட்கள் பார்க்க, நான் வள்ளத்தில் இருந்து கயிறு பிடித்தேன், மச்சான் இறங்கினார். கரையில் ஆள் இல்லாத வேளைகளில் கயிறு கை மாறும். பார்ஜின் பின்பக்க வடத்தைச் சுற்றியது நான். தூண் அடியில் சேறு அள்ளியதில் பாதிக்கு மேல் நான். இப்போது சொல்லலாம், அந்தக் கடதாசி காலாவதியாகி எத்தனையோ வருடம், மனைவி வழியாக நானும் இந்த நாட்டுப் பிரசையாகி அதுவும் எத்தனையோ வருடம். பார்ஜ் எழும்பிய காலையில், தண்ணீர் நிரப்பி இறக்கிய பீப்பாய்களுக்குக் கடற்படையிடம் இரவல் வாங்கிய பம்பால் காற்றடித்து, தண்ணீர் குமிழி குமிழியாகப் பொங்கி, முதலில் துருப்பிடித்த ஒரு மூக்கு மேலே வந்தபோது, நானும் மச்சானும் ஒரே வள்ளத்தில் ஒருவரை ஒருவர் முதுகில் அடித்துக்கொண்டோம். கரையில் ஊரே கத்தியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, இத்தனைக்கும் ஒரு காது செவிடு.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? போன மாதம் இறங்குதுறை வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பெரிய பலகை, நல்ல பச்சை நிறம். முதலாளியின் பெயர் இருக்கிறது, பட்டங்களோடு. மேற்பார்த்த பொறியியலாளர் இருக்கிறார். கடலடி வேலை என்று போட்டு என் மச்சானின் பெயர் இருக்கிறது, மிகவும் சந்தோசம். என்னைக் காணவில்லை. விசாரித்தேன். பழைய பதிவுகளைப் பார்த்தார்களாம், சுழியோடி என்று என் பெயர் எங்கேயும் இல்லையாம், கயிறு பிடித்தவர்களையெல்லாம் பலகையில் போட இடம் இல்லையாம்.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு இப்போது நடக்கக் கஷ்டம், வாய்க்கு ஒரு கஷ்டமும் இல்லை. முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அப்ப என்ட பேரையும் அழிக்கச் சொல்லுங்க மச்சான். கயிறு இல்லாம நான் மட்டும் கீழ என்ன செய்யிற?"

ஆகவே பலகை வைத்தவர்களுக்கு நான் சொல்லுவது இது. உங்கள் வாசலுக்கு வந்து கேட்டுவிட்டேன், இப்போது எழுதியும் கேட்கிறேன். என் மச்சானின் பெயருக்குக் கீழே என் பெயர் வர வேண்டும். சுழியோடி என்றும் போட வேண்டும், கயிறு பிடித்தவன் என்றும் போட வேண்டும். ஒன்றைத்தான் போடலாம் என்றால் கயிறு பிடித்தவன் என்று போடுங்கள், அதற்கு என்னிடம் அரசாங்க முத்திரையோடு கடதாசி இருக்கிறது, அலுமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள். இடம் போதவில்லை என்றால் முதலாளியின் பட்டங்களில் இரண்டைக் குறையுங்கள். பெயின்ற் செலவு என்னுடையது, ஏணியும் நானே கொண்டுவருகிறேன்.